பட்டறைக் கேள்வி – பதில்: 1:6 அளவில் ஓர் உலோகத் தாங்கி

கேள்வி: ஐயா, நான் பணி ஓய்வு பெற்றவன். இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மனியின் டைகர் யுத்தத் தாங்கியை 1:6 அளவில் முழுக்க உலோகத்தால் பொருத்தும் பாகத் தொகுதி ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் என் மகன் வாங்கித் தர முன்வந்திருக்கிறார். நாங்கள் குடியிருப்பது தொடர்மாடியின் நான்காவது மாடியில். இது எங்கள் வீட்டுக்குப் பொருந்துமா? பொருந்துமானால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் அளவு நாடாவை எடுங்கள். உண்மையான டைகரின் உடற்பெட்டி ஏறத்தாழ 6.3 மீற்றர் நீளமும், பீரங்கிக் குழலையும் சேர்த்தால் ஏறத்தாழ 8.45 மீற்றர் நீளமும், 3.7 மீற்றர் அகலமும், 3 மீற்றர் உயரமும் உடையது. ஆறால் வகுத்தால் உங்கள் வரவேற்பறைக்கு வரப்போவது 140 சென்ரிமீற்றர் நீளமும் 62 சென்ரிமீற்றர் அகலமும் அரை மீற்றர் உயரமும் கொண்ட ஒரு பொருள். இடம் பிரச்சினையாக இராது, எடைதான் பிரச்சினை. நீளம் ஆறில் ஒன்றாகும்போது கனவளவு 216இல் ஒன்றாகிறது. ஆகவே 57 தொன் எடையுள்ள தாங்கியை அச்சொட்டாகச் சுருக்கினால் 264 கிலோகிராம் வரும். மாதிரியின் தகடுகள் மெல்லியவை, உள்ளேயும் பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் அவ்வளவுக்குப் போகாது, ஆனால் நூறு கிலோகிராமைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொருத்தத் தொடங்கினால், முடிந்த நாளில் அதை இறக்க அயல்வீட்டு இளைஞர்கள் நால்வரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். பூட்டக்கூடிய சில்லுகள் பொருத்திய, முழங்கால் உயரமான இரும்புச் சட்டம் ஒன்றை முன்கூட்டியே செய்வித்துக்கொள்ளுங்கள். சுழல்கோபுரமும் சங்கிலிப் பட்டைகளும் எந்நேரமும் தனியே கழற்றக்கூடியவையாக இருக்கட்டும். மின்தூக்கி பழுதாகும் நாள் ஒன்று எப்படியும் வரும்.

இன்னொரு சிறு குறிப்பு. பொதியின் மேல் ‘டைகர்’ என்று மட்டும் எழுதி, கொழும்பில் ஒரு தமிழ்ப் பெயருக்கு அனுப்பி வைக்கச் சொல்லாதீர்கள். ‘உலோக மாதிரி, பொருத்தப்படாத பாகங்கள்’ என்று விலைப்பட்டியலில் விளக்கமாக எழுதுவித்து, பணம் கட்டுவதற்கு முன்பே சுங்க முகவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தொடக்கம் எது என்றால், முறுக்கியை எடுப்பதற்கு முன் ஒரு தாங்கியைத் தேர்ந்தெடுப்பதுதான். ‘ஒரு டைகர்’ என்று பொதுவாகக் கட்டாதீர்கள். இன்ன தாங்கி, இன்ன மாதத்தில், இன்ன இடத்தில் என்று தீர்மானித்துக்கொண்டால் பின்னால் எழும் நூறு கேள்விகளுக்கு அதுவே விடை சொல்லும். 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரித்தானியப் படையினர் கைப்பற்றிய 131 ஆம் இலக்கத் தாங்கி இங்கிலாந்தின் பொவிங்டன் தாங்கி நூதனசாலையில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. எல்லாக் கோணங்களிலும் எடுத்த படங்கள் கிடைப்பதால் புதியவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

கேள்வி: அலுமினியத் தகட்டில் திருகாணிக்கான புரி வெட்டும்போது, அதை வெட்டும் கருவியான ‘ரப்’ இரண்டு உடைந்துவிட்டன. ஒன்று துளைக்குள்ளேயே இறுகிக் கிடக்கிறது. தகட்டைக் கைவிட வேண்டியதுதானா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கைவிட வேண்டாம், நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் படிகாரம் வாங்குங்கள். தகட்டில் பொருத்தியிருக்கும் உருக்குப் பாகங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, இரும்பு சேராத கண்ணாடி அல்லது மண்சட்டியில் வெந்நீரில் படிகாரத்தைக் கரையும் மட்டும் கரைத்து, உடைந்த முனை அமிழும்படி வைத்துச் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிகாரக் கரைசல் உருக்கை மெல்ல மெல்லத் தின்னும், அலுமினியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். சிறு குமிழிகள் எழுந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பல மணி நேரம், சிலவேளை ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். கடைசியில் அந்த முனை கருஞ்சேறாக உதிர்ந்து வரும். நகைக்குள் துளைமுனை ஒடிந்தால் பொற்கொல்லர் செய்யும் வேலையும் இதுதான். நான் இதைக் கற்றுக்கொண்டது என் தாங்கியின் உடற்பெட்டிப் பக்கத் தகட்டில் ஒன்றை ஒடித்து, இரண்டு நாள் அதைச் சுத்தியலாலும் ஊசியாலும் கிண்டித் துளையையும் கெடுத்துக்கொண்ட பிறகு, செட்டியார் தெருவில் ஒரு முதியவரிடம்.

ஏன் உடைந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் துளை சிறிதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். 4 மில்லிமீற்றர் புரிக்கு 3.3 மில்லிமீற்றர் துளை வேண்டும், 3 மில்லிமீற்றர் புரிக்கு 2.5. கைக்கு அகப்பட்ட 3 மில்லிமீற்றர் துளைமுனையால் துளைத்துவிட்டு 4 மில்லிமீற்றர் புரியை வெட்டப் போனால் ரப் ஒடியத்தான் செய்யும். அலுமினியத்துக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் போதும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று சீவல் முறியும்படி திருப்புங்கள். தடித்த உருக்குக் கட்டை ஒன்றில் ரப் நுழையும் அளவுக்கு நேர்த்துளை ஒன்றைத் துளைத்து வைத்துக்கொண்டு அதையே வழிகாட்டியாக வைத்தால் கை சாயாது. அடி மூடிய துளையாக இருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெளியே எடுத்து ஊதிவிடுங்கள்.

கேள்வி: பொருத்தும் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் என் தாங்கி பெரிய விளையாட்டுப் பொருள் போலவே தோன்றுகிறது. எதைச் சேர்த்தால் உண்மைத் தோற்றம் வரும்?
– வாசகர், தெகிவளை

பதில்: சேர்ப்பதற்கு முன் சிலவற்றை அகற்றுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பின்தகட்டின் ஆணித்தலைகளில் ‘8.8’ என்ற பொறிப்பு தெளிவாகத் தெரிகிறது. அது இன்றைய ஆணியின் வலிமை வகையைக் குறிக்கும் எண். டைகரில் 8.8 என்பது பீரங்கியின் சென்ரிமீற்றர் விட்டமாக மட்டுமே இருக்கட்டும். ஒவ்வோர் ஆணித்தலையையும் தட்டையான அரத்தில் ஐந்தாறு முறை இழுத்தால் எழுத்துப் போய்விடும். வெளியே தெரியும் இடங்களில் உட்குழி ஆணியோ நட்சத்திரத் தலை ஆணியோ இருந்தால், அறுகோணத் தலையுள்ளவற்றை மாற்றிப் போடுங்கள். பழைய சோனகத் தெருக் கடைகளில் எல்லா அளவிலும் கிடைக்கும்.

அடுத்தது ஒட்டு வரிகள். உண்மைத் தாங்கியின் தடித்த தகடுகள் ஒன்றோடொன்று பல்லாகக் கோத்து, மூட்டுகளில் மின்னொட்டுச் செய்யப்பட்டவை. பாகத் தொகுதியில் அந்த மூட்டு வெறும் கோடாக நிற்கிறது. இரு பகுதி எப்பொக்சிக் களிம்பைப் பிசைந்து, ஈரக் கையால் இடியப்ப இழையைவிடச் சற்றுத் தடிப்பாக உருட்டி, மூட்டின் மீது கிடத்துங்கள். பித்தளைக் குழாய் ஒன்றின் நுனியைப் பாதியாக வெட்டிப் பிறை வடிவாக்கி, அதனால் ஒன்றின் மேல் ஒன்று படும்படி அழுத்திக்கொண்டே போங்கள். உண்மையில் 24 மில்லிமீற்றர் அகலமாக இருக்கும் வரி இங்கே 4 மில்லிமீற்றர்தான். அதைவிடத் தடித்தால் பொங்கல் பானையின் கழுத்துப் போலாகிவிடும். அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழ வேண்டியதில்லை. அன்று தொழிற்சாலையில் ஒட்டியவரின் கையும் களைத்துத்தான் இருக்கும்.

‘சிமரிற்’ என்னும் வரிவரியான பூச்சைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்குதான் முதற்பதிலில் சொன்னது உதவுகிறது. காந்தத்தால் பற்றும் வெடிகளைத் தடுப்பதற்கான அந்தப் பூச்சு 1943 கோடையின் பிற்பகுதியில்தான் வந்தது, 1944 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. நீங்கள் எடுத்துக்கொண்டது துனீசியத் தாங்கி. ஏப்ரலில் பிடிபட்ட தாங்கிக்கு அந்தப் பூச்சு இருக்க இயலாது. அதேபோல இறப்பர் வளையமற்ற உருக்குச் சில்லுகளும் 1944 இல் வந்தவை. இரண்டும் அழகாக இருக்கின்றன என்பதற்காக ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள்.

இழுவைக் கம்பிக்குச் சைக்கிள் பிரேக் கம்பி மெலிது, மூன்றைச் சேர்த்து முறுக்குங்கள்.

கேள்வி: என் பதினாறு வயது மகன் இந்த வேலையில் மூழ்கிக் கிடக்கிறான். வன்னியில் இருந்து வந்த எங்களுக்கு அந்தச் சங்கிலிச் சத்தம் வேறு நினைவுகளைத் தருகிறது. இதை அனுமதிக்கலாமா?
– ஒரு தாய், வத்தளை

பதில்: அம்மா, இதற்குப் பட்டறைக்காரன் பதில் சொல்வது முறையா என்று தெரியவில்லை. உங்களுக்குச் சத்தம் பொறுக்கவில்லை என்பதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டிப் பார்ப்பதை அவன் வெளியே வைத்துக்கொள்ளலாம், அல்லது மோட்டரே இல்லாத காட்சி மாதிரியாகக் கட்டலாம். மோட்டர் இல்லாவிட்டாலும் அரம் பிடிக்கவும் அளவெடுக்கவும் அவன் கற்றுக்கொள்வது குறையாது. தாங்கிதான் வேண்டும் என்பதும் இல்லை, நீராவி இயந்திரத்துக்கும் இதே கருவிகள்தான்.

கேள்வி: கடலுக்கு ஐந்நூறு மீற்றர் தொலைவில் வசிக்கிறேன். அலுமினிய உடலில் தீந்தை உரிகிறது, ஆணிகளைச் சுற்றி வெண்தூள் படிகிறது, சங்கிலிக் கண்ணிகளோ துருவேறிக்கொண்டே போகின்றன.
– வாசகர், கல்கிசை

பதில்: மூன்றிலும் உப்புக்காற்றுக்குப் பங்குண்டு, ஆனால் வழி வேறு வேறு. அலுமினியத்தின் மேல் சாதாரண அடிப்பூச்சு பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மண்கடதாசியால் மங்கலாக்கி, அலுமினியத்தை அரித்துப் பிடிக்கும் வகை அடிப்பூச்சை முதலில் அடியுங்கள். வாகனங்களுக்குத் தீந்தை பூசும் இடங்களில் கேட்டால் தருவார்கள். மழை இருட்டிக்கொண்டு வரும் மாலையில் அடிக்காதீர்கள். ஈரம் சேர்ந்து பூச்சின் மேல் பால் போலப் படரும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏறும் நேரமே ஏற்றது. உங்கள் தாங்கி 1943 பெப்ரவரிக்குப் பிந்திய தொழிற்சாலைப் பூச்சுடையதாயின் அடர்மஞ்சள்தான் அடிநிறம். அதற்கு முந்தியதானால் சாம்பல் நிறமோ பாலைவன நிறமோ, களத்தைப் பொறுத்தது.

வெண்தூள் என்பது உருக்கு ஆணியும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பதால் அலுமினியம் அரிபடுவதன் அடையாளம். ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளையைத் தூரிகையால் சுத்தம் செய்து, புரியில் கிறீஸ் தடவித் திரும்ப முறுக்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம், தகடு நகர்ந்துவிடும்.

சங்கிலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பக்கத்துக்கு 96 கண்ணிகள், இரு பக்கமும் 192. ஓடும் தாங்கியில் தரையில் உராயும் முகங்களும் சில்லுகளுக்கிடையே ஓடும் பற்களும் எப்போதும் மினுங்கிக்கொண்டே இருக்கும், குழிவான இடங்களில்தான் பழுப்பு நிற்கும். ஆகவே துரு மெல்லிய படலமாக வந்ததும் எண்ணெய்த் துணியால் நிறுத்தி, உராயும் முகங்களை மட்டும் மண்கடதாசியால் தேய்த்துவிடுங்கள். ஓட்டும்போது மணிக்கு 3 கிலோமீற்றர் வேகம் போதும். களத்தில் 20 கிலோமீற்றரில் போன தாங்கி ஆறில் ஒன்றானால் அவ்வளவுதான், நீங்கள் பக்கத்தில் நடந்தே வரலாம். புல்தரையில் ஓட்டி முடிந்ததும் மண்ணைத் தூரிகையால் தட்டிவிட்டு, கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். வெளியே நீண்டுவிட்டதை அன்றே உள்ளே தட்டிவிடுங்கள், அடுத்த ஓட்டத்தில் அதுதான் உடற்பெட்டியின் தீந்தையைக் கீறும்.