லாரிக்கும் நீளம் உண்டு

கேள்வி: துறைமுகச் சரக்கு முனையத்துக்கு மணிக்கு ஒன்றிரண்டு லாரி கூடுதலாக வந்தாலே சுற்றுவட்டச் சாலையெல்லாம் ஸ்தம்பித்துவிடுகிறதாமே? இதைக் கணினி மாதிரியில் முன்கூட்டியே கணிக்க முடியாதா?

பதில்: முடியும். ஆனால் நான் முதன்முதலில் போட்ட கணினி மாதிரி மண்ணைக் கவ்வியது. அந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

ஒரே ஒரு கேட். காகிதம், சீல், கன்டெய்னர் எண் எல்லாம் சரிபார்த்து ஒரு டிரெய்லரை உள்ளே விட சராசரியாக 4 நிமிடம். அப்படியென்றால் மணிக்கு 15 வண்டிதான் அதன் உச்சம். வண்டிகள் இஷ்டத்துக்கு வரும், சோதனை நேரமும் கூடும் குறையும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 12 வண்டி வரும்போது ஒவ்வொன்றும் சராசரியாக 16 நிமிடம் காத்திருக்கும். 13 வந்தால் 26 நிமிடம். 14 வந்தால் 56! டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1909-லேயே தொலைபேசி அழைப்புகளுக்காகத் தொடங்கிவைத்த வரிசைக் கணக்குதான் இது.

நானும் இதைத்தான் போட்டேன். மெயின் ரோடு தாராளமாக ஓடும் என்று வந்தது. நேரில் போய்ப் பார்த்தால் வரிசையின் வால் சிக்னலைத் தாண்டிக் கிடந்தது. என் மாதிரியில் லாரிக்கு நீளமே கிடையாது. காத்திருக்கும் வண்டிகளைக் கேட் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தேன்! மணிக்கு 14 வண்டி என்றால் வரிசையில் சராசரியாக 13 நிற்கும். இடைவெளியோடு ஆளுக்கு 20 மீட்டர் என்றால் 260 மீட்டர். கேட்டுக்குப் போகும் கிளைச்சாலை 200 மீட்டர்தான் என்றால், மிச்சம் எங்கே நிற்கும்? துறைமுகத்துக்கே போகாத பஸ்ஸும் காரும் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

அப்புறம் ஸ்டாப்வாட்ச்சோடு கேட்டில் உட்கார்ந்தேன். பெரும்பாலான வண்டிகள் 3 நிமிடத்தில் போய்விட்டன. ஒன்று மட்டும், சீல் எண் பொருந்தவில்லை என்று, 22 நிமிடம் நின்றது. டிரைவர் ஒவ்வொரு ஜன்னலாக அலைய, பின்னால் இருந்தவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். எல்லா வண்டிக்கும் கச்சிதமாக 4 நிமிடமே ஆகும் என்றால், அந்த 56 நிமிடம் 28 ஆகிவிடும். அதனால் புதிய கேட் கட்டுவதற்கு முன், காகிதச் சிக்கல் உள்ள வண்டியை ஓரங்கட்ட ஓர் இடம் ஒதுக்கிப் பாருங்கள் என்பேன்.

நேரம் ஒதுக்கி வரச்சொல்லும் முறையும் உதவும்தான். ஆனால் 9 மணி டோக்கனைத் தவறவிட்டால் நாள் போச்சு என்று டிரைவர் 7 மணிக்கே வந்து சாலையோரம் நிறுத்திக்கொள்வார். மாதிரியில் அவருக்கும் 20 மீட்டர் கொடுத்தாக வேண்டும்.