சுமாரான கால்பந்து வீரர் ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் வெளுத்து வாங்குவது எப்படி? அது அதிர்ஷ்டமா, திறமையா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். ஆனால் பெரிய பங்கு மூன்றாவது ஒன்றுக்கு: அன்றைய ஆட்டம் அமைந்த விதம். சுமாரான வீரர் என்று நாம் சொல்பவருக்கும் ஏதாவது ஒரு வேலை நன்றாகவே தெரிந்திருக்கும், இல்லையென்றால் அந்த மட்டத்தில் சம்பளத்துக்கு ஆடவே முடியாது. அந்த ஒரு வேலைக்கான வாய்ப்பு வழக்கமாக ஒரு ஆட்டத்தில் ஒருமுறை வந்தாலே அதிகம். அபூர்வமாக ஒரு நாள் ஆறேழு முறை வரும். அந்த நாள்தான் நமக்கு நினைவில் நிற்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துவிடலாம். ஒரே ஒரு உதை வேறு, ஒரு முழு ஆட்டம் வேறு. 1999 மே 8 அன்று இங்கிலாந்தின் கார்லைல் அணியின் கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ், பிளிமத்துக்கு எதிராக ஆட்டம் முடியும் கடைசி நொடிகளில் கார்னரிலிருந்து வந்த பந்தை வலைக்குள் அடித்து, தன் அணியை லீக்கிலிருந்து வெளியேறாமல் காப்பாற்றினார். ஐரோப்பிய நாடுகளுக்கான 2016 யூரோ கோப்பை இறுதியில் போர்ச்சுகலின் எடர் 79-வது நிமிடம் மாற்று வீரராக இறங்கி, 109-வது நிமிடத்தில் 25 கெஜ தூரத்திலிருந்து அடித்த கோலில் போர்ச்சுகல் கோப்பையை வென்றது. அதே சீசனில் அவர் ஸ்வான்சீ கிளப்புக்காக 13 லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இரண்டும் அருமையான கதைகள்தான். ஆனால் ஒரு உதை யாருக்கும் சரியாக விழலாம், அதில் விளக்க அதிகம் இல்லை. விளக்கம் தேவைப்படுவது முழு ஆட்டத்துக்கு.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். சராசரியாக மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கரை (கோல் அடிப்பதே முக்கிய வேலையான முன்வரிசை வீரரை) எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டு பாய்சான் பங்கீட்டில் (சராசரியை வைத்து ஒரு நிகழ்வு எத்தனை முறை வரும் என்று கணிக்கும் சூத்திரத்தில்) போட்டால், அவர் மூன்றோ அதற்கு மேலோ கோல் அடிக்கும் ஆட்டம் சுமார் 200-க்கு ஒன்று. 400 ஆட்டம் ஆடினால் ஓரிரண்டு ஹாட்ரிக் தானாகவே வந்துவிடும். எனவே சுமாரான ஸ்ட்ரைக்கர் ஹாட்ரிக் அடித்தால் காரணம் தேட வேண்டியதில்லை. ஐந்து கோல்? அது சுமார் 38,000 ஆட்டத்துக்கு ஒன்று. யாரும் அவ்வளவு ஆடுவதில்லை. ஆனால் எதிரணி சிதறிக்கிடக்கும் ஒரு நாளில் அவருடைய எதிர்பார்ப்பு ஆட்டத்துக்கு ஒரு கோல் என்று உயர்ந்தால், ஐந்து கோலுக்கான வாய்ப்பு 270-ல் ஒன்று என்று உயர்ந்துவிடும். எதிர்பார்ப்பு இரண்டு கோலானால் 19-ல் ஒன்று. ஆள் மாறவில்லை, சூழ்நிலைதான் மாறியது. ஐந்து கோல் ஆட்டத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதிரே நின்றவர்கள் யார், எந்த நிலையில் நின்றார்கள் என்பதுதான்.

இதற்குச் சரியான உதாரணம் ஒலெக் சலென்கோ. 1994 ஜூன் 28, ஸ்டான்ஃபோர்டு ஸ்டேடியம், ரஷ்யா 6, கேமரூன் 1. அதில் ஐந்து கோல் சலென்கோவுடையது: 15, 41, 44, 72, 75-வது நிமிடங்களில். உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் என்பதை 2022 வரை வேறு யாரும் தொடவில்லை. ரஷ்யாவுக்காக அவர் ஆடியது மொத்தம் எட்டே ஆட்டம், அடித்தது ஆறு கோல், ஆறும் அந்த உலகக் கோப்பையில்தான். அந்த ஆறு கோலுக்காகப் பல்கேரியாவின் ஸ்டாய்ச்கோவுடன் கோல்டன் பூட்டை (அதிக கோல் அடித்தவருக்கான விருதை) பகிர்ந்துகொண்டார். அணியோ குழுச் சுற்றோடு வீட்டுக்குப் போனது.

அந்த ஆட்டத்துக்கு முன் நிலைமை என்ன? ரஷ்யா பிரேசிலிடம் 0-2, ஸ்வீடனிடம் 1-3 என்று தோற்றிருந்தது. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்து, குழுவில் மூன்றாம் இடம் பிடித்தும் அடுத்த சுற்றுக்குப் போகும் அணிகளில் ஒன்றாகத் தொற்றிக்கொள்ள முடியுமா என்பதே மிச்சமிருந்த நம்பிக்கை. கேமரூன் கையில் ஒரு புள்ளி, அவர்களுக்கும் வெற்றி கட்டாயம். ஆக இரண்டு பக்கமும் ட்ராவுக்காகப் பின்னால் நின்று தடுத்தாடக் காரணமே இல்லை. கேமரூன் முகாமில் பணத் தகராறு வேறு. முதல் இரண்டு ஆட்டங்களில் நின்ற கோல்கீப்பர் ஜோசப்-அந்துவான் பெல் இல்லை, சோங்கோ நின்றார். பதினேழு வயது டிஃபெண்டர் ரிகோபர்ட் சோங் பிரேசிலுக்கு எதிராக ரெட் கார்டு வாங்கியதால் தடையில் இருந்தார்.

ரஷ்யப் பக்கமும் இயல்பாக இல்லை. பயிற்சியாளர் சடிரின் வேண்டாம் என்று 1993 நவம்பரில் 14 வீரர்கள் கடிதம் எழுதினார்கள். கஞ்செல்ஸ்கிஸ், ஷலிமோவ், கொலிவானோவ், டோப்ரோவோல்ஸ்கி போன்றவர்கள் கடைசிவரை மசியாமல் அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. அவர்கள் போயிருந்தால் சலென்கோவுக்குத் தொடக்க அணியில் இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

இப்போது கோல்களைப் பாருங்கள். முதலாவது கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் உதிரியாகக் கிடைத்த பந்து. இரண்டாவது, கேமரூன்காரர்கள் திரும்பி நிற்பதற்குள் வேகமாக எடுத்த ஃப்ரீ கிக்கிலிருந்து. மூன்றாவது பெனால்டி. இடைவேளையில் 3-0. இரண்டாம் பாதி தொடங்கியதுமே, மாற்று வீரராக வந்த 42 வயது ரோஜர் மில்லா ஒரு கோலைத் திருப்பிக்கொடுத்தார் (உலகக் கோப்பையில் கோல் அடித்தவர்களில் மூத்தவர் இன்றும் அவர்தான்). அதன் பிறகு கேமரூன் இன்னும் முன்னேறி ஆடியது, பின்னால் மைதானமே காலி. நான்காவது, வலதுபுறத்திலிருந்து வந்த பந்தை வாசலில் நின்று உள்ளே தள்ளியது. ஐந்தாவது, தனியாக ஓடிப் போய் கோல்கீப்பர் தலைக்கு மேல் தூக்கிவிட்டது. ஐந்தில் எதற்கும் பலரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோகும் டிரிப்ளிங் தேவைப்படவில்லை, தூரத்து ஷாட்டும் தேவைப்படவில்லை. பெனால்டி தவிர எல்லாம் சரியான இடத்துக்கு அரை வினாடி முன்னால் போய் நிற்பவரின் கோல்கள். சலென்கோவுக்குத் தெரிந்த வேலை அதுதான், அன்று அதுவே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது.

அவரைச் சுமார் என்று சொல்வதில் கொஞ்சம் அநியாயமும் இருக்கிறது. அந்த 1993-94 சீசனில் ஸ்பெயினின் சின்ன அணியான லோக்ரோனியஸுக்காக லீக்கில் 16 கோல் அடித்தவர். 1989-ல் சவுதியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையிலும் அதிக கோல் அடித்தவர் அவர்தான். கோல் வாசனை தெரிந்த ஆள், ஆனால் அதைத் தாண்டி ஆட்டத்தில் பெரிதாகப் பங்கெடுக்காதவர். உலகக் கோப்பை முடிந்ததும் வலென்சியா வாங்கியது, லீக்கில் ஏழு கோல். அடுத்து கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ், அங்கிருந்து சில மாதங்களில் துருக்கிக்கு. பிறகு முழங்கால் கெடுத்துவிட்டது. கேமரூன் ஆட்டத்துக்குப் பின் ரஷ்யா அவரை ஒருமுறைகூட ஆட விடவில்லை. எதிரணிகள் ஒழுங்காக நின்று தடுக்கும்போது அந்த மாதிரி ஸ்ட்ரைக்கருக்கு ஒரு ஆட்டத்தில் ஒன்றோ இரண்டோ வாய்ப்புதான். பெரிய கிளப்பில் அது போதாது.

கோல்கீப்பர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. 1986 மே 7, செவில்லே நகரம், ஐரோப்பியக் கோப்பை இறுதி: ருமேனியாவின் ஸ்டெயாவா புகாரெஸ்ட், பார்சிலோனா. 120 நிமிடம் 0-0. வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி உதைகளில் ஸ்டெயாவாவின் கோல்கீப்பர் ஹெல்முத் டுக்கடாம் நான்கு உதையையும் வரிசையாகப் பிடித்தார்: அலெசாங்கோ, பெட்ராசா, பிச்சி அலோன்சோ, மார்கோஸ். பெனால்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகும். அந்தக் கணக்கில் நான்கு தொடர்ந்து வீணாவது 256-ல் ஒன்று. டுக்கடாம் ருமேனியாவுக்காக ஆடியது இரண்டே ஆட்டம்.

அவர் செய்தது வெறும் குருட்டுத் தாவல் இல்லை. முதல் மூன்றுக்கும் தன் வலப்பக்கம் பாய்ந்தார், நான்காவதுக்கு இடப்பக்கம். இதற்குள் இருக்கும் தர்க்கம் எளிது: கீப்பர் ஒருமுறை வலதில் பிடித்தால், அடுத்து வருபவர் 'இனி இந்த ஆள் பக்கம் மாற்றுவான்' என்று நினைத்து அதே வலதில் அடிப்பார். மாறாமல் நின்றால் பந்து கையில். ஆனால் இந்த விளையாட்டு எப்போது முறியும் என்று கணிப்பதுதான் கஷ்டம். மூன்று பேர் ஒரே பக்கத்தில் தோற்ற பிறகு நான்காமவர் அங்கே அடிக்கத் துணிய மாட்டார். சரியாக அங்கேதான் டுக்கடாம் மாறினார்.

அங்கும் சூழ்நிலையின் கை உண்டு. பார்சிலோனாவின் பெரிய தலை ஷூஸ்டரை 85-வது நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டார்கள், ஸ்டிரைக்கர் ஆர்ச்சிபால்டும் கூடுதல் நேரத்தில் போய்விட்டார். நல்ல உதைகாரர்கள் களத்தில் இல்லை. அதோடு ஸ்டெயாவாவின் முதல் இரண்டு உதைகளையும் பார்சிலோனா கீப்பர் உருத்தி தடுத்திருந்தார், அதனால் ஒவ்வொரு உதைக்கும் பாரம் ஏறிக்கொண்டே போனது. இறுதியில் 2-0. அடுத்த சில மாதங்களில் டுக்கடாமின் கையில் ரத்தக்கட்டு வந்து, மேல்மட்ட ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதனால் அவர் நிஜமாகவே எவ்வளவு பெரிய கீப்பர் என்று அளக்க நமக்குப் போதிய ஆட்டங்கள் கிடைக்கவில்லை. 'ஒரு நாள் வீரர்' பட்டியலில் இருப்பவர்களில் கணிசமானோர் இப்படித்தான், திறமை தீர்ந்தவர்கள் இல்லை, உடம்பு விட்டவர்கள்.

2016 யூரோ காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக வேல்ஸின் ஹால் ராப்சன்-கானு போட்ட கோலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: ராம்சே கொடுத்த பந்து, முதுகைக் கோலுக்குக் காட்டி நின்றபடி ஒரே திருப்பல், மூன்று பேர் தவறான திசையில் போய்விட்டார்கள். அன்று அவருக்குக் கிளப்பே இல்லை, ரெடிங் ஒப்பந்தம் முடிந்திருந்தது. அவ்வளவாகப் பேசப்படாதது இது: பெல்ஜியத்தின் வெர்மாலென் தடையில், வெர்டொங்கன் காயத்தில். பின்வரிசையில் பாதி புதிது. அந்தத் திருப்பலுக்கு டிஃபெண்டர் எதிர்வினை காட்ட ஒரு கணம் தாமதித்தால் போதும், பழகாத கூட்டணியில் அந்தத் தாமதம் தாராளமாகக் கிடைக்கும். திருப்பல் அவருடையது, இடம் பெல்ஜியம் கொடுத்தது.

இதையெல்லாம் கிளப்புகள் கவனிக்காமல் போகும்போதுதான் பணம் கரைகிறது. அதே யூரோவின் இறுதியில் பிரான்ஸ் தோற்றாலும், முதல் 90 நிமிடத்தில் களத்தை உழுதவர் மூசா சிசோகோ. அதற்கு முந்தைய சீசனில் அவருடைய நியூகாசில் அணி தரமிறங்கியிருந்தது. அந்த ஆகஸ்ட் 31 அன்று டாட்டன்ஹாம் அவரை 3 கோடி பவுண்டு வரை கொடுத்து வாங்கியது. முதல் லீக் சீசனில் ஒரு கோலும் இல்லை. பின்னால் பயனுள்ள ஆளாக மாறினார், ஆனால் மிட்ஃபீல்டில் ஓடித் தடுக்கும் வேறு வேலையில். விலை கொடுத்தது ஒரு வேலைக்கு, கிடைத்தது இன்னொன்று. பெரிய போட்டிக்குப் பிந்தைய விலையில் எப்போதும் அந்த ஒரு மாதத்தின் வெளிச்சம் சேர்ந்திருக்கும்.

அப்படியானால் ஒரு ஆட்டத்தை வைத்து எதையுமே சொல்ல முடியாதா? சில சமயம் முடியும். 1936 ஏப்ரல் 13, லூட்டன் 12, பிரிஸ்டல் ரோவர்ஸ் 0, ஆங்கில மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவு. முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டுகளுக்குக் காயம், வேறு வழியின்றி நடுவரிசை ஓரத்தில் விங் ஹாஃபாக ஆடிவந்த ஜோ பெய்னை முன்னால் நிறுத்தினார்கள். பத்து கோல் அடித்தார். ஆங்கில லீக்கில் அது இன்றும் சாதனை. அதற்கு நான்கு மாதம் முன்புதான் டிரான்மியரின் பன்னி பெல் ஒன்பது அடித்திருந்தார், ஆக அந்தக் காலத்து மூன்றாம் டிவிஷன் தடுப்பாட்டம் ஓட்டைதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் பெய்ன் ஒரு நாள் கூத்தாக முடியவில்லை. அடுத்த சீசனில் லீக்கில் 55 கோல், லூட்டன் சாம்பியன், பிறகு செல்சி, இங்கிலாந்துக்கு ஒரு ஆட்டம். அந்த நாள் அவரை மாற்றவில்லை, அதுவரை தவறான இடத்தில் ஆடவிட்டிருந்தார்கள் என்பதைத்தான் காட்டியது.

எனவே உங்கள் அணியில் ஒருவர் திடீரென்று நான்கு கோல் அடித்தால், கோலை எண்ணாதீர்கள். அன்று அவர் நின்ற இடம் வழக்கமானதா, புதியதா என்று பாருங்கள். பெனால்டியைக் கழித்துவிடுங்கள், ஏனென்றால் அது ஏறக்குறைய நான்கில் மூன்று முறை யார் அடித்தாலும் கோலாகும். பிறகு அடுத்த ஐந்தாறு ஆட்டங்களில் பெட்டிக்குள்ளிருந்து அவர் எத்தனை ஷாட் எடுக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், கோலாகிறதா இல்லையா என்பதை விடுங்கள். இடம் புதிது, ஷாட்களும் தொடர்ந்து வருகின்றன என்றால் அது பெய்ன் வகை, பயிற்சியாளர் அவரை அங்கேயே விட வேண்டும். பழைய இடம், ஷாட்களும் பழைய எண்ணிக்கைக்கே இறங்கிவிட்டன என்றால் சலென்கோ வகை. யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் அந்த வாரமே கொடுத்துவிடுவது நல்லது.