மிஸ்டேக் ஆகிப்போச்சு

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘மிஸ்டேக்’, ‘எரர்’, ‘ஃபால்ட்’ மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லாம் பிழைதான் என்று சொல்லிச் சமாளித்தேன். ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதிய பையனை ஐம்பது தரம் திருத்தி எழுதவைத்தேன். விளக்கம் தருவீர்களா? நல்ல இலக்கணப் புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள பிள்ளைக்கு,

புத்தகம் கிடக்கட்டும், நல்ல அகராதி ஒன்று போதும்.

அந்தப் பையன் தமிழில் யோசித்திருக்கிறான். நாம் தவறு ‘செய்கிறோம்’. அதையே அவன் ஆங்கிலத்தில் எழுதினான். அங்கே அது ‘மேக்’. ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயத்துக்கு ஐம்பது தரமா? கை நொந்ததைத் தவிர அவன் என்ன படித்திருப்பான்? பிட் கோர்டர் என்ற மொழியியலாளர் 1967இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்த விதியை அவசரத்திலோ களைப்பிலோ நழுவவிட்டால் அது மிஸ்டேக். விதியே மனதில் வேறு மாதிரிப் பதிந்திருந்தால் எரர். பிள்ளை எப்படிக் கற்கிறது என்பதை அதுதான் ஆசிரியருக்குக் காட்டும் என்றார். உங்கள் பையனுடையது எரர். நீங்கள் அதைப் பார்க்காமல் தண்டித்துவிட்டீர்கள். ஃபால்ட் என்பது பொறுப்பு யாருடையது என்று கேட்கும்போது வரும், மெஷின் கோளாறுக்கும் வரும். அவ்வளவுதான்.

ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அம்மம்மாவின் செருப்புத்தான் நினைவுக்கு வந்தது.

மிஸ்டேக் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிழையாக எடுப்பது, அதாவது மாறி எடுப்பது. செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயிலில் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு முடிந்து களுதாவளைக்கு நடந்து வந்தோம். வீட்டு விளக்கில் அம்மம்மா குனிந்து பார்த்தா. அதே நீல வார்தான். ஆனால் அவவின் செருப்பில் வார் அறுந்த இடத்தில் கறுப்பு நூல் தையல் இருக்கும். இதில் இல்லை. சோறு போட்டு வைத்திருந்ததை மூடிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு திரும்ப நடந்தா. “பிழை விடல்ல மகன், மாறிட்டு. குடுக்காம வெச்சிருந்தாத்தான் பிழை” என்றா. வாசலில் ஒரு கிழவி வெறுங்காலோடு குந்தியிருந்தது.

அந்தக் கோயிலில் நாம் வருடா வருடம் வைகாசியில் கண்ணகி வழக்குரைக் காவியமாகப் பாடிக் கேட்கிற கதையும் மாறி எடுத்த கதைதானே? சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். ஒன்றை மற்றதாக எடுத்து, கோவலனைக் கள்வனாக எடுத்து, பாண்டியன் கொல்லச் சொன்னான். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது ‘தவறுதலாக நடந்துவிட்டது’ என்று அவன் சொல்லியிருக்கலாம். ‘யானே கள்வன்’ என்றான்.

என் அப்பாவின் மரணச் சான்றிதழில் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள். பதினொரு மாதம் அம்மாவுக்குப் பென்சன் இல்லை. எந்த மேசைக்குப் போனாலும் ஒரே பதில்: ‘மிஸ்டேக் ஆகிப்போச்சு’. யார் விட்டது? ஒருவருமில்லை. மழை பெய்தது போல அது தன்பாட்டில் ஆகியிருக்கிறது! ஒரு எழுத்தை மாறிப் போட்டதில் எனக்குக் கோபம் இல்லை, யாருடைய கையும் நடுங்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதில்தான் கோபம். அம்மா ஒவ்வொரு தரமும் பஸ்ஸில் வந்து, வாங்கில் இருந்து, அதே வசனத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினா. எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய விஷயங்களுக்கும் இதே வசனத்தைக் கேட்டிருக்கிறோம்.

ஆகவே, பிள்ளை, ‘மேக்’கா ‘டூ’வா என்பதை விட முக்கியம், அந்த வசனத்தின் முதற்சொல். ‘ஐ’. ஆள் இருக்க வேண்டும். ‘ஐ மேட் எ மிஸ்டேக்’. உங்கள் பையன் வினையைத்தான் மாற்றிப் போட்டான், ஆளை மறைக்கவில்லை.

நாளைக்கு வகுப்பில் அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த ஐம்பது தரத்துக்காக, அவனைப் பார்த்து நீங்களே முதலில் வாசியுங்கள்.

அன்புடன்.