வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் எம்.ஏ. வரலாறு படிக்க முடியுமா? நேரில் படிப்பதற்கு ஈடாக இருக்குமா?

முடியும். நான் அப்படித்தான் படித்து முடித்தேன். இதைக் கேட்பவர்கள் எல்லாரும் வகுப்பை நினைத்தே கவலைப்படுகிறார்கள். வகுப்பு பெரிய விஷயமே இல்லை. விரிவுரையைத் திரையில் பார்ப்பதற்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பதற்கும் அப்படியொன்றும் வித்தியாசம் கிடையாது. திரையிலாவது நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே வெளியூரில் இருப்பவர்களும் தேர்வெழுதிப் பட்டம் வாங்க வழி செய்துவிட்டது. ஆக, தொலைவிலிருந்து படிப்பது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை.

தொலைவில் இருப்பவருக்குக் கைக்கு எட்டாமல் போவது ஆவணங்கள்தான். கடைசியில் ஆய்வேடு எழுதும்போதுதான் அது உறைக்கும். அதனால் தலைப்பை முடிவு செய்துவிட்டு ஆவணம் தேடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து முழுசாகப் பார்க்கக் கிடைக்கும் ஆவணத் தொகுப்பு எது என்று முதலில் பாருங்கள். தலைப்பு அதற்குள்ளிருந்து வரட்டும்.

ஓர் உதாரணம். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த விசாரணைகளின் அச்சுப் பதிவுகள், ஏறக்குறைய 2 லட்சம் வழக்குகள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் 18ஆம் நூற்றாண்டுத் திருட்டு வழக்குகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போங்கள். வேலைக்காரப் பெண் எஜமானர் வீட்டில் துணிமணியும் வெள்ளிக் கரண்டியும் எடுத்திருப்பாள். தீர்ப்பில் ‘39 ஷில்லிங் (அந்தக் காலத்து பிரிட்டிஷ் நாணயம்) அளவுக்குக் குற்றவாளி’ என்று இருக்கும். அடுத்த வழக்கில் வேறு ஆள், வேறு பொருள். அங்கேயும் அதே 39. இன்னும் நாலு வழக்கு தள்ளினால் மறுபடியும் 39.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1713க்குப் பிறகு, வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ திருடினால் தூக்கு. ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால் ஜூரிகள் பொருளின் மதிப்பை அந்த 40க்கு ஒரு ஷில்லிங் கீழே இறக்கிவிடுவார்கள். ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள், புதுக் கண்டுபிடிப்பு இல்லைதான். ஆனால் யாருக்குக் குறைத்தார்கள், யாருக்குக் குறைக்கவில்லை? பெண்களுக்கா, சின்ன வயதுக்காரர்களுக்கா, எஜமானரே இரக்கப்பட்டுச் சொன்னவர்களுக்கா? பத்தாண்டு வழக்குகளை மட்டும் பிரித்தெடுத்து இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தாலே ஒரு ஆய்வேடு தேறும். எந்த ஆவணக் காப்பகத்து வாசலையும் மிதிக்க வேண்டாம்.

ஸ்கேன் செய்த பழைய நாளிதழ்களை நம்பி இறங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அந்தக் கால ஆங்கில அச்சில் இருந்த நீளமான ‘எஸ்’ எழுத்தைக் கணினி பெரும்பாலும் ‘எஃப்’ என்றே படித்து வைத்திருக்கும். தேடினால் ஒன்றுமே வராது. செய்தி அங்கேயேதான் இருக்கும். எழுத்துப் பிழையோடும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

அடுத்து, பாடம். இளங்கலையில் 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை விவரி என்பார்கள். முதுகலையில், அதே புரட்சியை வர்க்கப் போராட்டமாகப் பார்த்த ஆல்பர் சோபூலும், அந்தப் பார்வையை மறுத்து அரசியல் சிந்தனைகளை முன்னால் வைத்த பிரான்சுவா ஃபூரேயும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள் என்று கேட்பார்கள். வரலாற்று வரைவியல், அதாவது வரலாறு எப்படி எழுதப்பட்டது என்று ஆராயும் தாள், முழுக்க இந்த மாதிரிதான். தேதிகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே கொஞ்ச நாள் திணறுவார்கள். புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க உட்கார்ந்தால் வேலைக்குப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது. முன்னுரை, முடிவுரை, அப்புறம் அடிக்குறிப்புகள். அடிக்குறிப்பைப் பார்த்தாலே ஆசிரியர் எந்த ஆவணங்களைத் தொட்டார், யாரோடு சண்டை போடுகிறார் என்பது தெரிந்துவிடும். வாதம் பிடிபட்ட பிறகு, தேவையான அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படித்தால் போதும்.

நேர்வகுப்பு நிஜமாகவே முந்துகிற இடம் ஒன்று உண்டு. நாம் ஏதாவது அரைகுறையாகச் சொன்னால் எதிரே இருப்பவர் அங்கேயே மடக்குவார். இணையத்தில் அதற்குப் பதிலாக விவாதப் பலகை. சக மாணவர் இருவருக்காவது பதில் எழுத வேண்டும் என்று விதி வைத்தால், ‘அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்’ என்று நாலைந்து பேர் கடமையை முடித்துவிடுவார்கள். சண்டை போடத் தயாரான ஓரிருவரைத் தேடிப் பிடித்து, ஒருவர் கட்டுரையை மற்றவர் கிழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில்தான் எழுத்து திருந்தியது.

சேர்வதற்கு முன்னால் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று எல்லாரும் விசாரிப்பார்கள். கூடவே இன்னும் இரண்டு கேளுங்கள்: ஜேஸ்டோர் போன்ற ஆய்விதழ்த் தொகுப்புகளுக்கு உங்கள் மாணவர் கணக்கிலேயே நுழைய முடியுமா? ஆய்வேடு உண்டா, அதற்குத் தனி வழிகாட்டி கிடைப்பாரா? பிற்பாடு முனைவர் பட்டம் பண்ணும் எண்ணம் இருந்தால், வெறும் தேர்வுகளோடு முடிகிற படிப்பு வேண்டவே வேண்டாம்.