டார்வின் வீட்டுக்கு வந்த தபால்

கேள்வி இது: "முற்கால விஞ்ஞானிகள் தினமும் எழுதிய கடிதங்களுக்கும் குடும்பத்துக்கும் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள்? பண்டிகை விடுமுறையிலாவது வேலையை நிறுத்தினார்களா?"

சார்லஸ் டார்வின் ஒருவரை மட்டும் முன்வைத்துப் பதில் எழுதுகிறேன். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் அவருடைய கடிதங்களில் சிலவற்றையாவது வாசிப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாகச் சுமார் 15,000 கடிதங்கள் கிடைத்துள்ளன. அவருடன் எழுதிக்கொண்டவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். 1974-ல் தொடங்கிய பதிப்புத் திட்டம் ஒன்று அவற்றை 30 தொகுதிகளாகப் பதிப்பித்து, இணையத்திலும் எல்லோரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது.

நேரத்தைப் பிரித்துக்கொள்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வாசித்த அளவில் டார்வின் அப்படிப் பிரிக்கவே இல்லை என்பதுதான் என் பதில். கடிதம் அவருடைய வேலையின் பாதி. அந்தப் பாதி நடந்த இடம் வீட்டின் கூடம். பண்டிகை வந்தாலும் பிள்ளை பிறந்தாலும் தபால் வந்துகொண்டுதான் இருந்தது, பதிலும் போய்க்கொண்டுதான் இருந்தது.

1842 முதல் அவர் வாழ்ந்த வீடு லண்டனுக்குத் தென்கிழக்கே, அன்றைய கெண்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. டவுன் ஹவுஸ் என்று பெயர். அங்கே ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை மகன் பிரான்சிஸ் பின்னாளில் விரிவாக எழுதி வைத்தார். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை படிப்பறையில் வேலை. ஒன்பதரைக்குக் கூடத்துக்கு வந்து அன்றைய தபாலைப் பார்ப்பார். கட்டு சிறியதாக இருந்தால் மகிழ்வார், பெரிதாக இருந்தால் கவலைப்படுவார். பிறகு சோபாவில் படுத்துக்கொள்ள, உறவினர்களிடமிருந்து வந்த கடிதங்களை வீட்டார் உரக்க வாசிப்பார்கள். ஏதாவது ஒரு நாவலிலும் சில பக்கங்கள் வாசிக்கப்படும். பத்தரைக்கு மீண்டும் வேலை, நண்பகலில் தோட்டத்தைச் சுற்றி நடை, மதிய உணவு, நாளிதழ். அதன் பிறகுதான் பதில் எழுதும் நேரம்.

அவர் எழுதிய விதத்தைப் பிரான்சிஸ் கண்முன் நிறுத்துகிறார். கணப்பருகே குதிரைமயிர் திணித்த பெரிய நாற்காலி ஒன்றில் அமர்ந்து, அதன் இரு கைப்பிடிகள் மீதும் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, அதில் தாளை விரித்து எழுதுவார். கடிதங்கள் பலவாகவோ நீளமாகவோ இருந்தால் முதலில் கரடுவரைவு எழுதிக்கொண்டு, அதைப் பார்த்து மற்றவர் எழுதச் சொல்லுவார். அந்த வரைவுகள் பழைய கையெழுத்துப் பிரதிகளின் முதுகிலும் அச்சு மெய்ப்புகளின் முதுகிலும் இருக்கும். சில வேளைகளில் அவருக்கே தம் எழுத்து புரியாது. அயல்நாட்டவருக்கான கடிதம் என்றால், எழுதுகிற பிள்ளையிடம் "வெளிநாட்டுக்காரருக்குப் போகிறது, கொஞ்சம் நன்றாக எழுது" என்பாராம். அசட்டுத்தனமாக எழுதியவர்களுக்கும் பதில் போனது. எழுதாவிட்டால் மனம் உறுத்தும் என்று சொல்லியிருக்கிறார். தொல்லை தருவோருக்கென்று அச்சடித்த பதில் தாள் ஒன்றை வைத்திருந்தும் அதை அநேகமாகப் பயன்படுத்தவில்லை.

இனி பண்டிகைக் காலத்துக்கு வருகிறேன். டார்வின் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் வாரம் என்றால் மூத்த மகன் வில்லியமின் பிறந்த வாரமும்கூட. 1839 டிசம்பர் 27 அன்று, அவர்கள் லண்டனில் வாடகை வீட்டில் இருந்தபோது, அவர் பிறந்தார். உடனே டார்வின் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். தும்மல், விக்கல், கொட்டாவி, சோம்பல் முறித்தல் எல்லாம் முதல் வாரத்துக்குள்ளேயே ஒழுங்காக நடந்ததைக் கவனித்தார். ஏழாம் நாள், ஊரே புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும் வேளையில், குழந்தையின் வெறுங்காலின் அடியை ஒரு துண்டுத் தாளால் தொட்டார். குழந்தை காலை வெடுக்கென இழுத்து விரல்களை மடக்கிக்கொண்டது. தகப்பன் பிள்ளைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவதும் ஆய்வாளன் ஒரு பரிசோதனை செய்வதும் அங்கே ஒரே செயலாக இருந்ததை எண்ணி ஒவ்வொரு முறையும் நான் வாசிப்பை நிறுத்திவிடுகிறேன். இந்தக் குறிப்புகள் 37 ஆண்டுகள் காத்திருந்து 1877-ல்தான் கட்டுரையாக அச்சேறின. இடையில், 1867-ல், முகபாவங்களைப் பற்றிய கேள்விப் பட்டியல் ஒன்றை உலகின் பல மூலைகளுக்கும் தபாலில் அனுப்பினார். தம் தொட்டிலில் பார்த்ததை மற்ற நாட்டு மக்களிடமும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலே அதில் எனக்குத் தெரிகிறது.

வில்லியம் பிறந்து இரண்டு வாரத்தில், 1840 ஜனவரி 10 அன்று, பிரிட்டன் முழுவதற்கும் ஒரே கட்டணமாக ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் விதித்தார்கள். பெரும்பாலும் பெறுபவரே பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. முன்பின் அறியாத புறா வளர்ப்பவருக்கும் தோட்டக்காரருக்கும் கூசாமல் கேள்வி கேட்டு எழுதுவது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் எளிதாயிற்று. கிராமத்தில் ஒதுங்கி வாழ்ந்த, உடல்நலம் குன்றிய ஒருவரால் அத்தனை பேரிடம் தகவல் திரட்ட முடிந்ததற்கு அவருடைய அறிவைப் போலவே இந்தத் தபால் ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

கிறிஸ்துமஸ் வாரக் கடிதங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 1859-ஆம் ஆண்டினுடையது. 'உயிரினங்களின் தோற்றம்' நவம்பர் 24 அன்று 1,250 பிரதிகளோடு வெளிவந்தது. அப்போது டார்வின் யார்க்ஷயரில் நீர்ச் சிகிச்சையில் இருந்தார். டிசம்பர் முற்பகுதியில்தான் வீடு திரும்பினார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று, லண்டன் டைம்ஸ் நாளிதழில் நூலைப் பாராட்டி நீண்ட மதிப்புரை ஒன்று பெயரில்லாமல் வெளிவந்தது. 27 அன்று வில்லியமுக்கு 20 வயது நிறைந்தது. 28 அன்று டார்வின் தம் நண்பர் தாமஸ் ஹக்ஸ்லிக்கு எழுதினார்: இதை எழுதக்கூடியவர் இங்கிலாந்தில் ஒரே ஒருவர்தான், அது நீங்கள்தான் என்று சொல்லியிருப்பேன், ஆனால் ஒலிம்பஸ் மலையின் கடவுளரசன் ஜூபிட்டர் போன்ற அந்தப் பத்திரிகையை மூன்றரை நெடும்பத்தி (column) தூய அறிவியலுக்கு ஒதுக்க வைத்தது எப்படி? ஊகம் சரிதான். அறிவியல் அறியாத பத்திரிகை விமர்சகர் அந்தப் பணியை ஹக்ஸ்லியிடம் ஒப்படைத்துவிட்டுத் தொடக்கப் பத்திகளை மட்டும் தாம் சேர்த்திருந்தார். இரண்டாம் பதிப்பு 3,000 பிரதிகளோடு ஜனவரி 7 அன்று வெளிவந்துவிட்டது என்பதிலிருந்தே அந்த விடுமுறையில் எவ்வளவு ஓய்வு இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வருத்தம் என்னவென்றால், அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. நம் ஊர்க் கடைகளில் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பியைப் போன்ற ஒன்றில்தான் அவர் கடிதங்களைக் குத்தி வைத்தார். அவரிடம் அப்படிப்பட்ட கம்பிகள் சிலவே இருந்தன. எல்லாம் நிறைந்தவுடன், கம்பிகளைக் காலி செய்வதற்காகப் பல ஆண்டுக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிடுவார். 1862 வாக்கில் பிறர் சொல்லிக் கேட்டுத்தான் அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே அதற்கு முந்தைய காலத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒருபக்க உரையாடல். அவர் எழுதியவற்றை நண்பர்கள் பத்திரப்படுத்தியதால் அந்தப் பக்கமாவது கிடைத்தது.

வீட்டோடு இவ்வளவு ஒட்டி வாழ்ந்தவர் இளமையில் ஐந்து கிறிஸ்துமஸ்களைத் தொடர்ந்து வீட்டுக்கு வெளியே கழித்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பல் 1831 டிசம்பர் 27 அன்று இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 1835-ல் நியூசிலாந்தில் இருந்தபோது அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார்: முதலாவது பிளிமத்தில், இரண்டாவது ஹார்ன் முனைக்கு அருகே, மூன்றாவது படகோனியாவில், நான்காவது திரெஸ் மோந்தெஸ் தீபகற்பத்தின் ஆளரவமற்ற துறையில், ஐந்தாவது இங்கே, அடுத்தது இங்கிலாந்தில் என்று நம்புகிறேன். அந்த ஆண்டுகளில் அவருடைய சகோதரிகள் முறை வைத்துக்கொண்டு மாதந்தோறும் ஒருவராக எழுதினார்கள். கடிதங்கள் பல மாதம் பிந்தியே கப்பலை எட்டின. வீட்டுக் கடிதத்துக்காக ஏங்கியிருந்த அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் எந்தக் கடிதத்தையும் பதிலில்லாமல் விட மனம் வராதவராக ஆனார் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகள் விஷயம் தனிச்சுவை. பத்துப் பேர் பிறந்து ஏழு பேர் வளர்ந்த வீடு அது. வேலை நேரத்தில் வெளியே வந்து விளையாடும்படி, நான்கு வயது மகன் ஒருவன் அப்பாவுக்கு ஆறு பென்ஸ் லஞ்சம் கொடுக்க முன்வந்தான். ஒட்டுப்பட்டை, நூல், கத்தரிக்கோல், தபால்தலை, சுத்தியல் என்று எது வேண்டுமானாலும் பிள்ளைகள் படிப்பறைக்குள் நுழைந்துவிடுவார்கள்; பொறுமையான முகத்தோடு "இனி வராமல் இருக்க முடியாதா, இன்று பலமுறை இடையூறாகிவிட்டது" என்று மட்டும் சொல்வார். 'உயிரினங்களின் தோற்றம்' கையெழுத்துப் பிரதியின் சில தாள்கள் பிழைத்ததற்கே, அவற்றின் பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்ததுதான் காரணம். 1862 கோடையில் மகன் லெனார்டு கடும் காய்ச்சலில் கிடந்தபோது, அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே, தம் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும், அந்தப் பையனின் சேகரிப்புக்காகத் தபால்தலைகளை அனுப்பி வைத்தார். மலர்களின் மகரந்தச் சேர்க்கை பேசும் கடிதங்களுக்கு நடுவே அந்தத் தபால்தலைகளுக்கான நன்றியும் இருக்கிறது. பிள்ளைகளைத் தோட்டத்தில் அங்கங்கே நிறுத்தி, ஆண் வண்டுத்தேனீக்கள் எந்த வழியில் பறக்கின்றன என்று பல கோடைகளில் பின்தொடர வைத்ததும் உண்டு.

அவருடைய தபாலில் நம் பக்கமும் இருந்தது. 1850களில் அவர் புறா வளர்க்கத் தொடங்கியபோது, சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட் இந்தியப் புறாத் தோல்களை அனுப்பினார். புறாக்களைப் பற்றிய பழைய நூல் ஒன்றை மொழிபெயர்க்கச் செய்தும் கொடுத்தார். எலியட்டுக்கான நன்றி டார்வின் நூல்களிலேயே அச்சாகியிருக்கிறது.

துயரமும் அதே தபாலில்தான் வந்து போனது. 1858 ஜூன் மாதத்தில் இயற்கைத் தேர்வுக் கருத்தைத் தாமாகவே கண்டடைந்திருந்த இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரை வந்து சேர்ந்தது. ஜூன் 28 அன்று கடைசி மகன், ஒன்றரை வயதுக் குழந்தை, இறந்தது. ஜூலை 1 அன்று இருவரின் எழுத்துகளும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. 1863-ல் நண்பர் ஹூக்கரின் சிறு மகள் இறந்தபோது, ஹூக்கர் உடனே எழுதியது டார்வினுக்குத்தான். 1851-ல் பத்து வயது மகள் ஆனியை இழந்த டார்வினால்தான் அந்தக் கடிதத்தைச் சரியாக வாசிக்க முடிந்திருக்கும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, நாமும் இப்படி வாழலாமே என்று ஏங்குவோரிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். அவருக்குச் சம்பள வேலை கிடையாது; மருத்துவரான தந்தையின் சொத்தும், மனைவி எம்மா பிறந்த வெட்ஜ்வுட் மட்பாண்டக் குடும்பத்தின் செல்வமும் இருந்தன. பார்ஸ்லோ என்ற பணியாளர் 30 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வீட்டை நடத்தித் தந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக எம்மா இருந்தார். நோயில் கிடந்த கணவரைப் பார்த்துக்கொண்டது, பிள்ளைகளை வளர்த்தது, நாவல் வாசித்தது, அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். பல கடிதங்களில் கையொப்பம் மட்டுமே டார்வினுடையது, மற்ற எழுத்தெல்லாம் எம்மாவுடையது. இரவில் இருவரும் பேக்கேமன் என்ற பலகை விளையாட்டு ஆடுவார்கள். 1876 ஜனவரியில் ஆசா கிரேக்கு எழுதும்போது, எம்மா 2,490 ஆட்டங்கள்தான் வென்றிருக்கிறார், நானோ 2,795 என்று குதூகலிக்கிறார். ஆண்டுக்கணக்கில் யாரோ ஒருவர் அதைக் குறித்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார் என்பது எனக்கு அந்த எண்களைவிடப் பிடித்திருக்கிறது.

எம்மாவின் கடிதங்களுள் ஒன்று வெளியூருக்குப் போகாதது. திருமணமான சில வாரங்களில், 1839-ல், ஒரே வீட்டில் இருந்துகொண்டே கணவருக்கு அவர் எழுதியது. கணவரின் ஆய்வு மனம் இறைநம்பிக்கையிலிருந்து அவரை விலக்கிவிடுமோ, மறுமையில் இருவரும் பிரிந்துபோவோமோ என்ற அச்சத்தை நேரில் சொல்ல இயலாமல் தாளில் எழுதிக் கொடுத்தார். கம்பியில் குத்திய கடிதங்களைக் கட்டுக்கட்டாக எரித்த டார்வின் இதை எரிக்கவில்லை. அதில் அவர் எழுதியிருக்கிறார்: "நான் இறந்த பிறகு தெரிந்துகொள், பலமுறை இதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன்."