பார்மசி மாணவர்களுக்குப் போதைப் பாடம்: கேள்வி பதில்

பார்மசி கல்லூரியில் மருந்தியல் சொல்லித்தருகிறேன். போதைப் பழக்கம் பற்றிய பாடம் குறித்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (புதிய விரிவுரையாளர்): பாடத்தை எங்கிருந்து தொடங்குவது சார்? சட்டத்தில் ஆரம்பித்தால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள்.

பதில்: ஒரு மாத்திரையில் தொடங்குங்கள். வயிற்றுப்போக்குக்குத் தரும் டைஃபினாக்சிலேட் 2.5 மில்லிகிராமோடு 0.025 மில்லிகிராம் அட்ரோபினும் சேர்ந்திருக்கும். அட்டையை மாணவர் கையில் கொடுத்து, "இத்தனூண்டு அட்ரோபின் எதற்கு?" என்று கேட்பேன். வயிற்றுக்கு என்பார்கள். இல்லை. டைஃபினாக்சிலேட் ஓபியம் வகையைச் சேர்ந்தது. போதைக்காகக் கைநிறைய விழுங்கினால் அட்ரோபின் வாயை உலர்த்தி, நெஞ்சைப் படபடக்கவைத்து, இனி வேண்டாம் என்று ஆக்கிவிடும். அதற்காகவே சேர்த்தது. இதைக் கேட்டதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அப்புறம் சட்டத்துக்குப் போகலாம்: 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், 2018இல் டிரமடால் என்ற வலி மருந்து அதற்குள் வந்தது, எச்1 பட்டியல் மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று எழுதும் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி எல்லாம்.

கேள்வி (டி.பார்ம் மாணவி): மாலையில் மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டில்லாமல் டேபென்டடால் என்ற வலி மாத்திரை கேட்டு வருகிறார்கள். இல்லை என்றால் முறைக்கிறார்கள்.

பதில்: "சீட்டு இல்லாமல் தரமுடியாது தம்பி" என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள் அம்மா. வாக்குவாதம் வேண்டாம். தனியாகக் கடையில் நிற்காதீர்கள், மிரட்டினால் முதலாளியையும் போலீசையும் கூப்பிடுங்கள். அந்த மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள டால்க் போன்ற கரையாத தூள் ரத்தக்குழாயையும் நுரையீரலையும் அடைக்கும். எதிரே நிற்பவனும் நோயாளிதான். அவனைத் திட்டி அனுப்பாதீர்கள். வகுப்பில் இதை இரண்டு இரண்டு பேராக நடித்துப் பழகச் சொல்வேன். முதல் தடவை எல்லோருக்கும் குரல் நடுங்கும், மூன்றாம் தடவை நடுங்காது.

கேள்வி (கடை உரிமையாளர்): வருடக்கணக்காக அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை வாங்கும் அம்மாவின் சீட்டு பழசாகிவிட்டது. மறுத்துவிடலாமா?

பதில்: பழைய சீட்டுக்குக் கொடுக்கக் கூடாது, சரி. ஆனால் திடீரென்று நின்றால் வலிப்புகூட வரலாம். அவர் எதிரிலேயே டாக்டருக்குப் போன் செய்து, இன்றே பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி (இரண்டாமாண்டு மாணவன்): ஹாஸ்டலில் நண்பன் வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறான். சொன்னால் அவன் படிப்பு போய்விடுமோ?

பதில்: எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் படிப்பை யோசிக்காதே, உடனே 108. நலோக்சோன் என்ற மாற்று மருந்தை நேரத்தில் போட்டால் பிழைத்துக்கொள்வான். மற்றபடி போதை மீட்பு உதவிக்கு 14446 இலவச எண், அவனையே பேசச் சொல். மறுத்தால் நீ நம்புகிற ஓர் ஆசிரியரிடம் போ. என்னிடம் அப்படி ஒருவன் நண்பனைக் கூட்டி வந்தான். மூவருமாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.