காலியாக விட வேண்டிய கட்டம்

ஐயா, வணக்கம்.

உங்கள் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். சென்ற வாரம் இரவுப் பணியில் வென்டிலேட்டரில் இருந்த இரண்டு பேர் என் பொறுப்பு. ஒருவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. விடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன். இன்னொருவரைப் புரட்டிப் படுக்க வைக்கவில்லை, வாயைச் சுத்தம் செய்யவில்லை. செய்ததாகப் படிவத்தில் டிக் போட்டுவிட்டேன். காலையில் அவர் குதிகால் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை; படுக்கைப் புண் தொடங்குவதன் அடையாளம் அது. இப்படி விடுபடாமலிருக்க என்ன வழி? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

இரத்த அழுத்தம் இறங்கினால் கருவி கத்துகிறது. மருந்து தீர்ந்தால் பம்ப் கத்துகிறது. காய்ந்த நாக்குக்கும் மெத்தையில் அழுந்தும் குதிகாலுக்கும் சத்தம் கிடையாது. சத்தம் வந்த பக்கம் நீங்கள் ஓடினீர்கள், ஓடத்தான் வேண்டும். அமெரிக்க மருத்துவமனைச் செவிலியர்களிடம் பேசி 2006இல் பீட்ரிஸ் கேலிஷ் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாக விடுபடுபவை என்று வந்தவையும் இவைதாம்: புரட்டிப் படுக்க வைப்பது, நடக்க வைப்பது, நேரத்துக்கு உணவு, உடல் சுத்தம், ஆறுதலாக நாலு வார்த்தை. இவற்றைச் சிறிய வேலை என்று நினைப்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. சுத்தம் செய்யாத வாயில் பெருகும் கிருமிகள் வென்டிலேட்டர் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. என் அம்மாவின் உதட்டை ஒரு செவிலியர் ஈரப்பஞ்சால் துடைத்தபோது, குழாயால் பேச முடியாத அவர் கண்ணை மூடித் திறந்தார். அன்று முழுக்க அவர் காட்டிய ஒரே நிம்மதி அதுதான்.

உங்களை வருத்தும் என்று தெரிந்தே ஒன்று சொல்கிறேன். வேலை விடுபட்டது உங்கள் குற்றமல்ல. அந்த டிக் தவறு. 'நான்கு மணிக்குப் புரட்டவில்லை' என்று எழுதியிருந்தால், அடுத்து வந்தவர் முதலில் அவரிடம் போயிருப்பார். டிக் இருந்ததால் போயிருக்க மாட்டார். நிர்வாகத்துக்கும் அந்த டிக் ஒரு சேதி சொல்கிறது: இருக்கிற ஆட்கள் போதும். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஆள் போதவில்லை என்று காட்ட உங்கள் கையில் இருக்கும் சாட்சி காலியாக விட்ட கட்டம்தான். அதற்காகத் தண்டிக்கும் மேலாளர் இருக்கும் இடத்தில் எல்லாரும் டிக் போடத்தான் செய்வார்கள். முதலில் மாற வேண்டியவர் அவர்.

குழாய்கள் பொருத்திய நோயாளியைத் தனியாளாகப் புரட்ட முடியாது. பணி தொடங்கும்போதே யாருக்கு யார் துணை, எத்தனை மணிக்கு என்று பேசி வையுங்கள். ஒருவர் நிலை மோசமானால் மற்றவரின் பராமரிப்பை யார் எடுத்துக்கொள்வார் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பணியை ஒப்படைக்கும்போது, செய்தவற்றுக்கு முன் செய்யாதவற்றைச் சொல்லுங்கள்.

அந்த நோயாளி இன்னும் உங்கள் பிரிவில் இருந்தால், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை இருக்கிறதா என்று இன்றிரவு பாருங்கள்.